மாமி சாப்பிடாத மாத்திரை

ஒரு கட்டடத்தில் ஒரு நர்ஸ் குடியிருந்தால் போதும், அங்கே இருக்கிற யாரும் டாக்டரிடம் வாயைத் திறக்க மாட்டார்கள். கேட்க வேண்டியதையெல்லாம் அப்படியே மிச்சம் வைத்துக்கொண்டு வந்து நர்ஸிடம் கேட்பார்கள். அதையும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேட்டால் ஒரு காபியாவது கொடுக்கலாம். இரண்டு கையிலும் லேக் மார்க்கெட் பையைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க மூன்றாவது மாடிக்கு ஏறும்போது, படித் திருப்பத்தில் வழிமறித்துக் கேட்பார்கள்.

கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். அதில் ஐந்து தமிழ்க் குடும்பங்கள். எல்லாரும் மாற்றலாகி வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்ட மத்திய அரசுக்காரர்கள். என் கணவர் உத்தமன் ரயில்வேயில் இருந்தார். நான் அரசு ஊழியர்களுக்கான ஒரு டிஸ்பென்சரியில் நர்ஸ். சொந்த ஊர் விருதுநகர், பெயர் நாகரத்தினம். ஆனால் தமிழரானாலும் வங்காளியானாலும் கட்டடத்தில் எல்லாருக்கும் நான் சிஸ்டர்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கட்டடத்துப் பெண்கள் பலரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மாதவிலக்கு நிற்கும் வயதுக்கு வந்து சேர்ந்தார்கள். ஹார்மோன் மாத்திரை என்ற பேச்சும் அப்போதுதான் கட்டடத்துக்குள் நுழைந்தது. அதோடு என் நிம்மதி போயிற்று. சிஸ்டர், அதைச் சாப்பிட்டால் குண்டாகிவிடுமா? மீசை முளைக்குமா? ஒரு தடவை ஆரம்பித்தால் சாகும்வரை விட முடியாதாமே? மார்பில் கட்டி வருமாமே? குதிரை மூத்திரத்தில் செய்கிறார்களாமே, நிஜமா? நிஜம்தான், ஒரு வகையை அப்படித்தான் செய்கிறார்கள், வேறு வகையும் இருக்கிறது, டாக்டரைக் கேளுங்கள் என்பேன். டாக்டரிடம் எப்படிக் கேட்பது, வெட்கமாக இருக்காதா என்பார்கள். என்னிடம் படிக்கட்டில் நின்று, மேல்மாடி பானர்ஜிபாபு காது கேட்கக் கேட்பதற்கு மட்டும் வெட்கம் வராது.

இத்தனை பேரில் மாத்திரை பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவை மட்டும் கேட்டவள் சுலோசனா மாமி. அதற்கு நான் சொன்ன பதில்தான் இன்றுவரை என்னைக் குடைகிறது.

மாமிக்குக் கும்பகோணத்துப் பக்கம். கல்யாணமான மூன்றாம் மாதமே கல்கத்தாவுக்கு வந்துவிட்டாள். கணவர் சீதாராமன் துறைமுகத்தில் அதிகாரி. எதையும் தேதி பிசகாமல் செய்கிற மனிதர். மாமிக்கு உயரம் என் தோள்வரைதான். குரல் மட்டும் மூன்று மாடிக்குக் கேட்கும். வங்காளம் தண்ணீர்பட்ட பாடு. மீன்காரன் தவறிப்போய் நம் வாசல் பக்கம் கூடையை இறக்கிவிட்டால் அவள் பேசும் வங்காளத்தைக் கேட்க வங்காளிகளே சன்னலைத் திறப்பார்கள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். வீட்டில் கணவரும் சுவாமி அலமாரியும்தான்.

எங்கள் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து ஒரு பஜனை மண்டலி வைத்திருந்தோம். சாதாரண நாளில் மாதம் ஒரு சனிக்கிழமை, புரட்டாசியில் எல்லாச் சனிக்கிழமையும். வாடகைக்கு எடுத்த ஒரு கூடத்தில் எண்பது பேர் கூடுவோம். பாடுகிறவர்கள் பாடுவார்கள். ஆனால் உண்மையைச் சொன்னால் எல்லாரும் வந்தது மாமியின் சர்க்கரைப் பொங்கலுக்குத்தான். அடுப்புப் பக்கம் அவளைத் தவிர யாரும் போகக் கூடாது. மடி. என்னைப் போன்றவர்கள் கூடத்து மூலையில் உட்கார்ந்து தேங்காய் துருவலாம், அவ்வளவுதான். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். ஆனால் பொங்கலை வாயில் போட்டதும் எரிச்சல் மறந்துவிடும், அதுவும் ஓர் எரிச்சல்.

அந்த மடிக்கு மாமியும் விலக்கில்லை. மாதத்தில் மூன்று நாள் அவளுக்குத் தூரம். இரண்டு அறை வீட்டில் தூரத்துக்கு எங்கே போவது? துணி காயப் போடும் பின்பக்கத்து பால்கனியில் ஒரு பாயோடு உட்கார்ந்துவிடுவாள். சீதாராமன் சாரின் காபியை மூன்று நாள் குடித்துவிட்டு நான்காம் நாள் குளித்து வரும்போது அவள் முகத்தில் இருக்கிற கோபத்தைப் பார்க்க வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமையில் அந்த நாள் வந்து விழுந்தால் போயிற்று. வேறொருத்தி பொங்கல் கிண்டுவாள், அது அடிப்பிடிக்கும், பால்கனியில் உட்கார்ந்திருப்பவளுக்கு யாராவது அதை ஒரு தொன்னையில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மாமி வாயில் போட்டுப் பார்த்து, "இதைப் பெருமாளுக்குப் படைச்சாளா?" என்று கேட்பாள். முப்பது வருஷம் இப்படி.

தொண்ணூற்றாறில் அவளுக்கு நின்றது. வயது ஐம்பது. அன்றைக்குப் படித் திருப்பத்தில் என்னை நிறுத்தி, அதிசயமாகக் கேள்வி எதுவும் கேட்காமல், "நாகரத்தினம், ஆறு மாசமாச்சுடி. விட்டது சனி. இனிமே சாகற வரைக்கும் பொங்கல் என் கையாலதான்" என்றாள். பால்கனிப் பாயைக் கீழே குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

மகிழ்ச்சி ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை. உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. வைகாசி மாதத்துக் கல்கத்தாவில் எந்த வியர்வை ஊருடையது, எந்த வியர்வை உடம்புடையது என்று யார் பிரித்துப் பார்க்க முடியும்? மாமிக்கு தை மாதத்திலும் வியர்த்தது. சீதாராமன் சார் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருப்பார், எதிரே மாமி விசிறியால் விசிறிக்கொண்டிருப்பாள். தூக்கம் இல்லை. யார் வாயைத் திறந்தாலும் சண்டை. அடுப்பருகே பத்து நிமிஷம் நின்றால் தலை கிறுகிறுத்தது. பங்குனி மாதப் பஜனையில் பொங்கல் கரண்டியைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்துவிட்டாள். நான்தான் அவளைக் கரியாஹாட்டில் டாக்டர் ரஞ்சனாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

ரஞ்சனா வங்காளிப் பெண்மணி. பொறுமையாகப் பேசுகிறவர். மாமி முதலில் கேட்டது, மாத்திரையில் குதிரை உண்டா என்பது. டாக்டர் சிரிக்காமல் வேறு வகை எழுதினார். பிறகு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். ஈஸ்ட்ரோஜன் தினமும் ஒன்று. அது வியர்வையை அடக்கும், எலும்புக்கும் நல்லது. ஆனால் அது கர்ப்பப்பைக்குள் இருக்கும் மெல்லிய சவ்வை வளர்க்கவும் செய்யும். அதனால் மாதத்தில் பன்னிரண்டு நாள் இரண்டாவதாக ஒரு மாத்திரை. அது வளர்ந்ததை உதிர்த்து வெளியே தள்ளிவிடும்.

"வெளியே தள்றதுன்னா?" என்று மாமி வங்காளத்தில் கேட்டாள்.

"கொஞ்சம் ரத்தம் வரும். மூன்று நாள், நான்கு நாள். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாவது மாத்திரையை விடவே கூடாது. விட்டால் சவ்வு தடித்துக்கொண்டே போகும், அதில் புற்றுநோய்கூட வரலாம்."

டாக்டர் சொன்னது அத்தனையும் எனக்குக் கேட்டது. மாமிக்கு 'மூன்று நாள்' என்பதோடு காது அடைத்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தபோதே எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ரிக்ஷாவில் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மாமி பேசாமல் வருகிறாளே என்று நான் நிம்மதியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்குச் சர்க்கரை கேட்டு வந்தாள். சமையலறை அலமாரியில் என் மாத்திரை அட்டை இருந்தது. மாமியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"இது அந்த மாத்திரைதானே? நீயும் சாப்பிடறியா?"

"ஆமா மாமி."

"நோக்கும் நின்னுடுத்தா?"

"நின்னுருச்சு."

"இது ஒண்ணுதானா? ரெண்டாவது?"

"எனக்கு ஒண்ணுதான்."

"மாசா மாசம் வரதில்லையே?"

"இல்ல மாமி, ஒண்ணும் வராது."

அவ்வளவுதான். சர்க்கரையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. எனக்கு ஒரு மாத்திரை போதும், ஏனென்றால் எனக்குக் கர்ப்பப்பையே கிடையாது. தொண்ணூற்றிரண்டில் கட்டி என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். உதிர்க்க வேண்டிய சவ்வே இல்லாதவளுக்கு உதிர்க்கிற மாத்திரை எதற்கு? இது எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், என் கணவருக்குத் தெரியும். கட்டடத்துக்குத் தெரியாது. தம்பி வீட்டுக் கல்யாணம் என்று ஊருக்குப் போய் மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டு ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பியிருந்தேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்டால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. எங்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான நாள் முதல் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்டுக் கேட்டு, நாற்பது வயதுக்குப் பிறகுதான் ஒரு வழியாகக் கேட்பதை நிறுத்தியிருந்தார்கள். கர்ப்பப்பையை எடுத்தாயிற்று என்று தெரிந்தால் மறுபடி ஆரம்பிப்பார்கள், இந்த முறை கேள்வியாக இல்லாமல் உச்சுக் கொட்டலாக. படிக்கட்டில் ஐந்து வீட்டுப் பெண்கள் தலையைச் சாய்த்து என்னைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. அதனால் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமல்ல, ஊரிலிருந்து வந்த பிறகும், பஜனைக்குப் போகச் சோம்பலாக இருக்கிற சனிக்கிழமைகளில் "இன்னிக்கு எனக்கு வீட்டுக்கு தூரம்" என்று சொல்லி அனுப்பிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்திருக்கிறேன். தேங்காய் துருவி என் கை ஓய்ந்ததுதான் மிச்சம், எனக்கும் ஒரு சலுகை வேண்டாமா?

இரண்டே மாதத்தில் மாமிக்கு வியர்வை நின்றது. தூங்கினாள். பழைய குரல் திரும்பி வந்தது, மீன்காரன் மறுபடி ஒழுங்காக நடந்துகொண்டான். மாதா மாதம் முதல் தேதி சீதாராமன் சார் சீட்டை எடுத்துக்கொண்டு போய் இரண்டு மாத்திரையும் வாங்கி வந்துவிடுவார். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு இரண்டு புரட்டாசியிலும் ஒரு சனிக்கிழமை விடாமல் பொங்கல் மாமி கையால்தான். மாதா மாதம் உதிரப்போக்கு வருமே, எல்லாச் சனிக்கிழமையும் எப்படி இவள் அடுப்பருகே நிற்கிறாள் என்று நர்ஸான எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. நான் அழைத்துப் போன டாக்டர், என் வைத்தியம் என்று பெருமையாகப் பொங்கலைத் தின்றுகொண்டிருந்தேன்.

தொண்ணூற்றொன்பது புரட்டாசி, மூன்றாவது சனிக்கிழமை. தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பஜனை ஆரம்பித்துவிட்டது. மாமி அடுப்பருகிலிருந்து என்னைக் கூப்பிட்டு, வீட்டுச் சாவியைத் தரையில் வைத்தாள். மடியில் இருக்கும்போது கையில் கொடுக்க மாட்டாள்.

"முந்திரியை மறந்துட்டேன். சமையலறை மேல்தட்டுல மஞ்சள் டப்பா. ஓடிப் போய் எடுத்துண்டு வா."

மேல்தட்டில் மஞ்சள் டப்பா இரண்டு இருந்தது, இரண்டும் பழைய பிஸ்கட் டப்பா. முதலில் கைக்கு வந்ததைத் திறந்தேன். உள்ளே முந்திரி இல்லை. மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாக. ஒன்றில்கூட ஒரு மாத்திரை பிதுக்கப்படவில்லை. பெயரைப் படித்தேன். பன்னிரண்டு நாள் மாத்திரை. இரண்டரை வருஷத்து மாத்திரை முழுவதும் அங்கே இருந்தது. வாங்கி வந்ததைத் தூக்கி எறிய மனம் வரவில்லை போலிருக்கிறது, பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள்!

மேல்தட்டுத் தூசு கையில் அப்பியிருந்தது, கழுவிக்கொள்ளலாம் என்று குளியலறைக்குப் போனேன். கதவுக்குப் பின்னால், வெளியே இருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் கயிறு கட்டி நாலு துண்டுத் துணி காய்ந்துகொண்டிருந்தது. பழைய நூல்புடவையைக் கிழித்த துணி. அலசிய பிறகும் கறை போகாத துணி. மாதவிலக்கு நின்று மூன்று வருஷமான பெண்ணின் வீட்டில் அந்தத் துணிக்கு வேலையே இல்லை.

முந்திரி டப்பாவை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. மடியாவது ஒன்றாவது என்று நேராக அடுப்பருகே போய் நின்றேன். மாமி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"எத்தனை நாளா மாமி?" என்றேன் அவள் காதருகே.

"என்னது?"

"குளியலறைக் கயித்தைப் பார்த்துட்டேன். அந்த டப்பாவையும் பார்த்துட்டேன்."

கரண்டி நின்றது. பிறகு மறுபடி கிண்டினாள். "அஞ்சாறு மாசமா. கொஞ்சமாத்தான். சூடு."

"சூடுன்னு யார் சொன்னா? மாத்திரையை ஏன் விட்டீங்க? டாக்டர் அவ்வளவு சொன்னாங்களே!"

"கத்தாதே. பெருமாள் சன்னிதி. பொங்கலை இறக்கிக்கறேன், அப்புறம் பேசலாம்."

அந்தப் பொங்கல் பானையைத் தூக்கித் தெருவில் போடலாம் போல எனக்கு வந்தது. முப்பது வருஷம் மூன்று நாளும் பால்கனியில் உட்கார்ந்தவள், தானே வைத்த சட்டத்தைத் தானே மீறி, உதிரப்போக்கோடு எண்பது பேருக்கு நைவேத்தியம் செய்துகொண்டிருக்கிறாள். வெளியே தெரிந்தால் அவளை அடுப்புப் பக்கம் இனி விட மாட்டார்கள். அவளுக்கு அந்தப் பயம். எனக்கு இருந்த பயம் வேறு. உள்ளே என்ன வளர்ந்திருக்கிறதோ என்ற பயம்.

திங்கட்கிழமை காலை அவளை இழுக்காத குறையாக ரிக்ஷாவில் ஏற்றினேன். வழியெல்லாம் திட்டினேன். படித்தவள்தானே, பேப்பர் வாசிக்கிறவள்தானே, மூன்று நாள் அடுப்புப் பக்கம் போகாமல் இருந்தால் குடி முழுகிப் போய்விடுமா, உயிரா பெரிது பொங்கலா பெரிது என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். மாமி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். தேஷப்ரியா பார்க் தாண்டியதும் நிதானமாகச் சொன்னாள்.

"நீ ஒண்ணுதானேடி சாப்பிடறே."

"என்ன?"

"டாக்டர் ரெண்டுன்னா. நீ ஒண்ணுதான் சாப்பிடறே. நோக்கு ஒண்ணும் வரலை, நன்னாத்தான் இருக்கே. தொண்ணூத்தாறு வரைக்கும் நோக்கும் தூரம் இருந்தது, நீயே சொல்லி அனுப்பிச்சிருக்கே. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரை. நர்ஸே ரெண்டாவதைச் சாப்பிடலைன்னா அது அவசியமில்லைன்னுதானே அர்த்தம்? டாக்டருக்குப் புத்தகத்துல இருக்கறதை எழுதியாகணும். நோக்கு நிஜம் தெரியும்னு நினைச்சேன்."

அதற்குப் பிறகு கரியாஹாட் வரும்வரை பேசாமல் வந்தது நான்தான். அவள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நான் கொடுத்த விவரத்தை வைத்துக்கொண்டு யார் யோசித்தாலும் அங்கேதான் போய் நிற்பார்கள்.

டாக்டர் ரஞ்சனா திட்டவில்லை. ஈஸ்ட்ரோஜனை உடனே நிறுத்தினார், ஸ்கேன் எடுக்க வைத்தார். சவ்வு தடித்திருந்தது. ஒரு நர்ஸிங் ஹோமில் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் நான் பட்ட பாட்டை யாரிடமும் சொல்ல முடியாது. ஒருபுறம் மாமி, வியர்வை திரும்பி வந்து விசிறிக்கொண்டே, "கான்சர்தானே? மறைக்காமச் சொல்லு" என்பாள். மறுபுறம் சீதாராமன் சார் படியில் நிறுத்தி, "சிஸ்டர், வர ஒண்ணாந்தேதி மாத்திரை வாங்கட்டுமா வேண்டாமா?" என்று கேட்பார். டப்பாவில் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தெருவெங்கும் துர்கா பூஜை. டாக் மேளம் அடித்துத் தள்ளினார்கள். யார் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று இவ்வளவு சத்தம் என்று எரிந்து விழுந்தேன், பாவம், கேட்டுக்கொண்டிருந்தது என் கணவர்.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் உயிரணுக்கள் மாற ஆரம்பித்துவிட்டன, இப்படியே விட்டால் அங்கேதான் போய் முடியும், கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் ரஞ்சனா. இன்னும் ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது என்றும் சொன்னார். மாமி, "எடுத்துடுங்கோ" என்று தமிழிலேயே சொன்னாள், டாக்டருக்கும் புரிந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் நர்ஸிங் ஹோமில் அவள் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மதுரை, கட்டி, தம்பி வீட்டுக் கல்யாணம், டிவி பார்த்த சனிக்கிழமைகள் எல்லாம். சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன். மாமி அழவில்லை. விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல இருக்கறவாளுக்கெல்லாம் கேள்வி கேக்கத் தெரியலைன்னு படியில நின்னு கத்துவியே. நான் சரியாத்தானேடி கேட்டேன்? இது ஒண்ணுதானான்னு கேட்டேன். ஏன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?"

"என்னைக் கர்ப்பப்பை இல்லாதவன்னு பரிதாபப்படுவீங்கன்னு..." என்று இழுத்தேன்.

"நாளைக்கு எனக்கும்தான் இருக்காது. பரிதாபப்படப் போறியா?" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. நான் கொண்டுபோன ரசத்தை மட்டும் பேசாமல் வாங்கிக் குடித்தாள். ஆறு மாதம் கழித்து, வியர்வை தாங்காமல் மறுபடி போனபோது, டாக்டர் எல்லாவற்றையும் யோசித்துக் குறைந்த அளவில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எழுதினார். இந்த முறை அவளுக்கும் ஒன்றுதான். என் ரகசியத்தை மட்டும் மாமி யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை ஜாடைகூடக் காட்டவில்லை.

இரண்டாயிரத்திரண்டு ஜூலையில் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் மாரடைப்பும் கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கிறதாம். அன்றைக்கு நான் மாடி ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்தச் சனிக்கிழமை பஜனைக் கூடத்தில் காய் நறுக்க உட்கார்ந்த ஏழெட்டுப் பெண்களுக்கும் வேறு பேச்சே இல்லை. இரண்டாம் மாடி லக்ஷ்மி வெளிறிப் போயிருந்தாள்.

"சிஸ்டர், நான் ரெண்டையும் தூக்கிப் போட்டுடலாம்னு பார்க்கறேன். இல்ல, ரெண்டாவதுதான் கெடுதல்னு எங்க ஆபீஸ்ல சொல்றாங்க, ஒண்ணை மட்டும் சாப்பிடட்டுமா? நீங்க என்ன பண்றீங்க? நிறுத்திட்டீங்களா?"

"டாக்டரைக் கேளுங்க" என்று வழக்கம்போல வாயெடுத்தேன்.

அடுப்பருகிலிருந்து மாமியின் குரல் வந்தது. "லக்ஷ்மி, எனக்கு ஒரு மாத்திரைதான். ஏன்னா எனக்குக் கர்ப்பப்பை இல்லை, எடுத்தாச்சு. எடுக்கறதுக்கு முன்னாடி, இருக்கறச்சயே ஒண்ணு மட்டும் சாப்பிட்டேன், அதனாலதான் எடுக்கும்படியாச்சு. அந்தத் தப்பை நீயும் பண்ணாதே. இதோ உக்காந்திருக்காளே, இவளுக்கும் ஒண்ணுதான். ஏன்னு அவளே சொல்லட்டும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமி பார்க்கவில்லை. பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் கரண்டிச் சத்தம் நின்று நின்று வந்தது.

"எனக்கும் இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "எனக்கும் கர்ப்பப்பை இல்ல. தொண்ணூத்திரண்டுலயே எடுத்தாச்சு. அது இருக்கிறவங்க ஒண்ணை மட்டும் சாப்பிடக் கூடாது, லக்ஷ்மி. பேப்பர்ல சொல்றது ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடறவங்களைப் பத்தி. அதுக்காக நீயா ஒண்ணை வெட்டாத. திங்கக்கிழமை ரஞ்சனாகிட்ட போகலாம். வேணுமா, வேண்டாமா, எத்தனை நாளைக்குன்னு அவங்க உன்னைப் பார்த்துச் சொல்லுவாங்க. நான் கூட வரேன்."

நான் பயந்தபடியே லக்ஷ்மியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "ஐயோ, அதனாலதான் சிஸ்டர் உங்களுக்குக் கொழந்தை..."

"அதனால இல்ல. அதுக்கு முன்னாடியும் இல்ல. அவ்வளவுதான்."

சொன்ன பிறகு பார்த்தால் பத்து வருஷமாகப் பயந்த பார்வை அரை நிமிஷம்தான் நீடித்தது. அதற்குள் லக்ஷ்மிக்கு வேறொன்று தோன்றிவிட்டது. "ஒரு நிமிஷம் சிஸ்டர். தொண்ணூத்திரண்டுலன்னா, அதுக்கப்புறம் சனிக்கிழமை சனிக்கிழமை தூரம்னு சொல்லி அனுப்புவீங்களே?"

மாமி கரண்டியைப் பானை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு முதல்முறையாகத் திரும்பினாள்.

"பதினாலு சனிக்கிழமை. நான் எண்ணி வெச்சிண்டிருக்கேன்" என்றாள். பிறகு தேங்காய் மூட்டையைக் காலால் என் பக்கம் தள்ளினாள். "துருவு."

அன்றைக்குப் பதினாலு தேங்காயையும் நான் ஒருத்தியே துருவினேன். லக்ஷ்மி கை நீட்டியபோது மாமி விடவில்லை.